மூச்சு சீரானதும் எழுதலாம் என்று காத்திருக்கிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 37. கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தரவு சேகரித்து முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் இரண்டு இயல்களை நெறியாளர் பார்த்துவிட்டார். மூன்றாவது இயலில் அப்படியே நிற்கிறேன். அட்டவணைகள் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றுக்குக் கீழே விளக்கம் எழுதுவதுதான் பாக்கி. கோப்பைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் நெஞ்சு படபடக்கிறது. மூடிவிடுகிறேன்.

மனம் ஒருநிலைப்பட்டால் எழுத்து தானாக வரும் என்று நினைத்து, ஆறு மாதத்துக்கு முன் காணொலிகளைப் பார்த்து மூச்சுப் பயிற்சி தொடங்கினேன். காலை 5 மணிக்கு எழுந்து கபாலபாதி 300 முறை, பிறகு நாடி சுத்தி. மொத்தம் 40 நிமிடம். முடித்ததும் மனசு லேசாகிவிடும். அந்த அமைதியோடு மடிக்கணினி முன் உட்கார்ந்தால் மறுபடி அதே படபடப்பு. எழுந்து போய்ப் பாயில் உட்கார்ந்து இன்னும் கொஞ்ச நேரம் மூச்சைப் பார்ப்பேன். சீரானபோது வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்திருக்கும்.

போன மாதம் 16-64-32 என்ற கணக்கில் மூச்சை அடக்கிப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் தலை கிறுகிறுத்து, விரல் நுனியும் உதடும் மரத்துப்போய், நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் ஆகிவிட்டது. பயந்து நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்துப் பழையபடி தொடர்கிறேன். நான் இன்னும் ஆழமாகப் போகவில்லை, அதனால்தான் பலன் இல்லை என்றும் தோன்றுகிறது.

நெறியாளரிடம் பேசி ஐந்து மாதம் ஆகிறது. கைபேசியில் அவர் பெயர் வந்தாலே கை நடுங்குகிறது. என் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் போன வாரம், "மூச்சு விடுறதையே முழுநேர வேலையா ஆக்கிட்டியே" என்றார். அழுதுவிட்டேன். அவர் சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. பயிற்சியை விட்டுவிடட்டுமா? அல்லது இதைவிட நல்ல பயிற்சி ஏதாவது இருக்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

விட வேண்டாம், குறையுங்கள். 40 நிமிடம் 8 நிமிடம் ஆகட்டும். எந்த 8 நிமிடம், மிச்சமுள்ள நேரத்தில் என்ன என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்த மூன்றாவது சுற்றைப் பார்த்துவிடலாம்.

16-64-32 என்பது திருமூலர் திருமந்திரத்தில் சொல்லும் மாத்திரைக் கணக்கு (மாத்திரை என்பது கால அளவு): 16 மாத்திரை பூரகம் (இழுப்பது), 64 கும்பகம் (அடக்குவது), 32 ரேசகம் (விடுவது). ஒரு மாத்திரையை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு மூச்சுக்கு 112 விநாடி ஆகிறது. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். ஆறு மாதப் பழக்கத்தில், பக்கத்தில் ஆள் இல்லாமல், அங்கிருந்து இங்கே தாவினால் உடம்பு எதிர்க்கத்தான் செய்யும். யோக மரபிலேயே எட்டு அங்கங்களில் பிராணாயாமம் நான்காவதாகத்தான் வருகிறது. இயமம், நியமம் என்ற ஒழுக்க நெறிகள், ஆசனம் ஆகிய மூன்றையும் தாண்டித்தான் அங்கே வர வேண்டும்.

கபாலபாதியைப் பழைய ஹட யோக நூல்கள் ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாக வைக்கின்றன. வயிற்றைச் சொடுக்கிக் கொஞ்சம் காற்றைத் தள்ளுவதுதான் அது. காணொலி பார்த்துப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் மார்பு நிறைய இழுத்து வேகமாக ஊதுகிறார்கள். அப்படி 300 முறை ஊதினால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே இறங்கிவிடும். அது இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுப்பது அதனால். ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் குறையும். விரலும் உதடும் மரத்துப்போவது அதனால். இன்னொரு ஆபத்தும் உண்டு. மூச்சு விடு என்று நம்மை உந்துவதே கரியமில வாயுதான். அதை ஊதித் தள்ளிவிட்டு மூச்சை அடக்கினால், ஆக்சிஜன் குறைந்துகொண்டே போனாலும் உந்துதல் தாமதமாகத்தான் வரும். அதற்குள் மயக்கம் போட்டுவிடலாம். நீச்சல்காரர்களைத் தண்ணீரில் மூழ்கும் முன் வேகமாக மூச்சு விடக் கூடாது என்று எச்சரிப்பது இதற்காகத்தான்.

இனி இரண்டையும் நிறுத்துங்கள். நெஞ்சை அழுத்தியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஒரு மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், ரத்தச்சோகை, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னவை இரண்டும் படபடப்பாகவே வெளிப்படுவதுண்டு. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கண் அழுத்த நோய், குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கபாலபாதியும் நீண்ட கும்பகமும் ஆகாது.

இப்போது அந்த 8 நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். பாதம் தரையில், முதுகு நிமிர்ந்து, ஒரு கை தொப்புளுக்கு மேல். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுங்கள், மூக்கு வழியாகவே 6 எண்ணும்வரை விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். நிமிடத்துக்கு 6 மூச்சு வீதம் 5 நிமிடத்துக்கு 30 மூச்சு. இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று ஏறும், விடும்போது இறங்கும். விடுவதை நீட்டுவதற்குக் காரணம் இதுதான். இந்த ஆறு மூச்சு வேகத்தில் அந்த ஏற்ற இறக்கம் பலருக்கும் நன்றாகத் துலங்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, ஆழமாக என்றதும் முட்ட முட்ட இழுப்பது. தோள் ஏறும், கழுத்து இறுகும், உடம்பு அதை அபாயமாகவே எடுத்துக்கொள்ளும். முக்கால் அளவு போதும். சரியா என்று பார்க்க ஒரு சின்ன அடையாளம்: விட்டு முடித்ததும் அடுத்த மூச்சை அவசரமாகப் பிடுங்க வேண்டியிருந்தால் உங்களுக்கு அந்த எண்ணிக்கை அதிகம். 3-க்கு 4 என்று இறக்கிக்கொள்ளுங்கள்.

மீதி 3 நிமிடம் நாடி சுத்தி. சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கி, வலது நாசியைக் கட்டை விரலாலும் இடது நாசியை மோதிர விரலாலும் மூடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். இடதில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. 4-க்கு 6 என்றால் ஒரு சுற்றுக்கு 20 விநாடி; 9 சுற்று. விரல் எலும்பில் அழுந்த வேண்டியதில்லை, கீழே மிருதுவான மடலைத் தொட்டாலே அடைபடும். சளி பிடித்த நாளில் இதை விட்டுவிட்டு முதல் பயிற்சியையே தொடருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. கோப்பைத் திறக்கிறீர்கள், படபடக்கிறது, எழுந்து பாய்க்குப் போகிறீர்கள், இரண்டு நிமிடத்தில் ஆறுதல். அந்த ஆறுதல்தான் இங்கே கூலி. கோப்பை மூடினால் நிம்மதி என்று மூளை ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறது. மறுநாள் இன்னும் சீக்கிரம் படபடக்க வைக்கிறது. மூடிவிட்டுத் தொலைக்காட்சி பார்த்திருந்தால் உங்களுக்கே குற்ற உணர்வு வந்திருக்கும். பிராணாயாமம் நல்ல காரியம் என்பதால் அதற்குள் ஒளிந்துகொள்வது தெரியாமல் போகிறது. ஆழமாகப் போகாததுதான் குறை என்று நினைத்து 40-ஐ 60 ஆக்கியிருந்தால் ஒளிந்துகொள்ளும் இடம்தான் பெரிதாகியிருக்கும்.

மனம் சரியானால்தான் செயல் என்பது நம் எல்லோருடைய ஊகமும்தான். அதைத் திருப்பிப் போட்டுச் செயலிலிருந்து தொடங்கும் சிகிச்சை முறை ஒன்று மனச்சோர்வுக்கு உண்டு. 1996-இல் நீல் ஜேக்கப்சனும் அவரது குழுவும் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களைத் திருத்தும் பகுதியை எடுத்துவிட்டு, அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைப்பதை மட்டும் கொடுத்தபோதும் முழுச் சிகிச்சைக்கு ஈடான பலன் கிடைத்தது. உங்களுக்கு மனச்சோர்வு என்று நான் சொல்லவில்லை. செயலுக்கு மனநிலையின் அனுமதி தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் எது செயல் என்பதில் கறாராக இருக்க வேண்டும். "மூன்றாம் இயலை முடிப்பது" செயல் அல்ல, அது ஓர் ஆசை. "அட்டவணை 4-க்குக் கீழே, எந்த எண் பெரியது, எது சிறியது என்று இரண்டு வாக்கியம்" என்பது செயல். தொடங்கும் நேரம் தெரியும், முடிந்ததும் தெரியும். காலையில் உட்கார்ந்து எதைச் செய்யலாம் என்று யோசித்தால் படபடப்பு முந்திக்கொள்ளும். அதனால் முதல் நாள் இரவே ஒரு துண்டுச் சீட்டில் கையால் எழுதி, மூடிய மடிக்கணினியின் மேல் வைத்துவிட்டுப் படுங்கள். சீட்டில் இன்னொரு வரியும் இருக்கட்டும்: "ஒன்பதாவது சுற்று முடிந்ததும், எழுந்து நடப்பதற்கு முன், கோப்பைத் திறப்பேன்." இது நடந்ததும் அது என்று முன்கூட்டிக் கட்டிவைத்த திட்டம், வெறும் தீர்மானத்தைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மடிக்கணினி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேறு அறையில் இருந்தால் போகும் வழியில் பத்து வேலை கண்ணில் படும்.

எழுதும் நேரம் 25 நிமிடம், கடிகாரம் வைத்து. படபடப்பு வரும். வரும்போது கண் திரையிலும் விரல் விசைப்பலகையிலும் இருக்கட்டும். மூன்று மூச்சு மட்டும் 4-க்கு 6 விடுங்கள், 30 விநாடிதான். நான்காவது மூச்சில் ஒரு வாக்கியம். மோசமான வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்துவதற்கு ஏதாவது ஒன்று திரையில் இருக்க வேண்டுமல்லவா? எழுந்து பாய்க்குப் போவது மட்டும் கிடையாது. அந்த மூன்று மூச்சும் படபடப்பை விரட்டுவதற்கல்ல. அது இருக்கும்போதே கையை நகர்த்துவதற்கு. குறைந்துவிட்டதா, குறைந்துவிட்டதா என்று சோதித்துக்கொண்டிருந்தால் மூச்சே இன்னொரு கவலையாகிவிடும். 25 நிமிடம் ஆனதும், வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள். அடுத்த வார்த்தை என்ன என்று தெரிந்திருக்கும் இடத்தில் நிறுத்தினால் மறுநாள் கோப்பைத் திறப்பது எளிது.

ஒரு குறிப்பேட்டில் நாளுக்கு நான்கு எண் போதும். திறக்கும் முன் படபடப்பு பத்துக்கு எத்தனை, பத்தாவது நிமிடம் எத்தனை, முடிவில் எத்தனை, எழுதிய வரிகள் எத்தனை. 14 நாள் எழுதிவிட்டு முதல் எண்ணையும் இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் எண்தான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். மூன்று எண்ணும் குறையாமலே இருந்து, கடைசி எண்ணில் வரிகள் மட்டும் கூடியிருந்தாலும் வழி சரிதான். வரிகளும் இல்லையென்றால் செயல் இன்னும் பெரிது. இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்குங்கள்.

இடையில் ஒரு நாள் விட்டுப்போகும். லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசப்படும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை. விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு செய்யாதீர்கள்.

நெறியாளர் விஷயத்தை மூன்றாம் நாள் சீட்டில் எழுதுங்கள்; முதல் நாளே வேண்டாம். நான்கு வரி மின்னஞ்சல்: "ஐயா, ஐந்து மாதமாகத் தொடர்பில் இல்லாததற்கு வருந்துகிறேன். மூன்றாம் இயலின் அட்டவணைகள் தயாராக உள்ளன. அட்டவணை 1 முதல் 4 வரையிலான விளக்கத்தை இன்ன தேதிக்குள் அனுப்புகிறேன். அதன்பின் உங்களைச் சந்திக்க நேரம் தர வேண்டுகிறேன்." உடல்நலம், வீட்டு நிலைமை, மன்னிப்பு என்று நீட்ட ஆரம்பித்தால் அதை எழுதவே இரண்டு வாரம் ஆகும். தேதியை நீங்கள் நினைப்பதற்கு ஒரு வாரம் தள்ளியே போடுங்கள். அனுப்பு பொத்தானுக்கு முன் அதே மூன்று மூச்சு.

இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருந்தால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், இந்தக் கடிதத்தை நம்பிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே. மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு அப்படியானால் அந்த 8 நிமிடம் வெறுமனே மெல்ல நடந்துவிட்டு வந்து கோப்பைத் திறங்கள், மீதி எல்லாம் அதேதான்.

கணவரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். "இன்னிக்கு எழுதினியா?" என்று அவர் கேட்க வேண்டாம், அது இன்னொரு நெறியாளரை வீட்டில் வைத்ததுபோல் ஆகும். அந்த 25 நிமிடம் அறைக் கதவை யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள். நேரம் முடிந்தும் நீங்கள் எழாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் அவர் ஒருமுறை தட்டலாம்.