காலியான ரோட்டில் கிளம்பலாமா?

கேள்வி: சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறேன். நெரிசலைத் தவிர்க்க இனி காலை 5 மணிக்கே கிளம்பலாமா என்று யோசனை. மனைவி வேண்டாம் என்கிறார். கொரோனா ஊரடங்கில் ரோடு காலியாக இருந்ததால்தானே விபத்து குறைந்தது? அப்படியானால் காலி ரோடு பாதுகாப்புதானே?

பதில்: நான் உங்கள் மனைவியின் கட்சி. ஆனால் நீங்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2020-ல் விபத்து குறைந்தது சரிதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்தந்த ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கைகளைப் பாருங்கள். 2019-ல் நாடு முழுவதும் 4,49,002 விபத்துகள், 1,51,113 இறப்புகள். 2020-ல் 3,66,138 விபத்துகள், 1,31,714 இறப்புகள். விபத்து 18 சதவீதம் இறங்கியது, இறப்பு 13 சதவீதம்தான் இறங்கியது. அதாவது 100 விபத்துக்கு 34 பேர் போல இறந்துகொண்டிருந்தது 36 ஆனது. ஊரடங்கு தளர்ந்த 2021-ல் அது 37-ஐத் தாண்டியது.

"சின்ன விபத்துக்கெல்லாம் அப்போது யார் ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்கள்? அதனால் கணக்கு அப்படித் தெரியலாமே" என்று கேட்டால், நியாயமான கேள்வி. அதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 2020-ல் வண்டிகள் ஓடிய மொத்தத் தூரம் ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்தது. சாலையில் இறந்தவர்களோ 36,355-லிருந்து 38,824 ஆகக் கூடினார்கள். சின்ன அடி கணக்கில் விட்டுப்போகலாம், சாவு விட்டுப்போகாது. அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, சீட் பெல்ட் போடாதது மூன்றும் அந்த ஆண்டு அங்கே கூடின.

நெரிசலைத் திட்டுகிறோம், ஆனால் அதுதான் நம் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நெரிசலில் இடித்துக்கொண்டால் பெரும்பாலும் இண்டிகேட்டர் உடையும், முழங்கால் சிராயும். காலி ரோட்டில் நம்மையறியாமல் முள் 80-க்குப் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நாலு மடங்கு. 40-ல் போகும்போது ஆபத்தைக் கண்டு, பிரேக் பிடித்து, வண்டி நிற்க ஏறத்தாழ 25 மீட்டர் வேண்டும். 80-ல் 70 மீட்டர். டிம் செய்த ஹெட்லைட்டில் அத்தனை தூரம் தெரியாது.

அப்புறம் அதிகாலைக்கே உரிய தொல்லைகள். இரவு முழுக்க ஓட்டிவந்த லாரி டிரைவருக்குக் கண் சொக்கும் நேரம் அது. உங்களுக்கும்தான், 5 மணிக்குக் கிளம்ப 4 மணிக்கு எழுந்திருந்தால். பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் வண்டி, யூ டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் வரும் டிராக்டர், நாலு வழிச்சாலையின் நடுத்திட்டைத் தாண்டிக் குதிக்கும் நாய்... சொல்லிக்கொண்டே போகலாம். 2020 மே 16 அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் ஔரையா அருகே, நின்றுகொண்டிருந்த வண்டி மீது லாரி மோதியது. ஊர் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 24 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடே ஊரடங்கில் இருந்த நாட்கள் அவை. ரோட்டில் நெரிசலே கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். அப்போதும் நெரிசல் ஏறியிருக்காது. 60-க்கு மேல் போகாதீர்கள். சுமார் 50 கிலோமீட்டரை 80-ல் போனால் மிச்சமாவது 12 நிமிடம்தான், அதையும் டீக்கடையில் செலவழித்துவிடுவோம். ஹெல்மெட்டின் வாரை மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் விழும்போது நமக்கு முன்னால் பறந்துவிடும். அதன் பின்பக்கம் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், விலை அற்பம். முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லையா, அன்றைக்குப் பஸ்.

ஒருவேளை வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-ஐ அழையுங்கள். உதவி செய்பவர் பெயர், முகவரி சொல்லவேண்டிய கட்டாயம் சட்டப்படி இல்லை. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொள்ளும். அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். உங்கள் வழியில் அப்படி எது இருக்கிறது என்று இப்போதே விசாரித்து, மனைவியின் போனிலும் பதிந்து வையுங்கள்.