கொய்யா மரத்துக்குப் போட்ட வலையில் பறவை சிக்கினால் எப்படி விடுவிப்பது?

கொய்யா மரத்துக்கு வலை போட்டதிலிருந்து பறவைகள் சிக்குகின்றன, எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பறவையைப் பிடித்து இழுக்காதீர்கள். வலையை வெட்டுங்கள். இது தெரியாமல் ஒரு கொண்டைக்குருவியை நான் சாகடித்திருக்கிறேன்.

எங்கள் மரத்திலும் மெல்லிய நைலான் நரம்பு வலைதான் போட்டிருந்தோம். ஒரு மதியம் அந்தக் குருவி தலைகீழாகத் தொங்கியது. பதற்றத்தில் ஒரு கையால் இறுக்கிப் பிடித்து மறு கையால் வலையை இழுத்தேன். இழுக்க இழுக்க நரம்பு இறக்கைக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் என் கையிலேயே அடங்கிவிட்டது. பறவைகளுக்கு நம்மைப்போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சுவிட உதவும் தசை) கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு என்று பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். நெஞ்சை அமுக்கினால் அலகு திறந்திருந்தாலும் மூச்சு முட்டிவிடும். அந்தக் குருவியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அடுத்த வருடம் விடியற்காலையில் ஒரு புள்ளி ஆந்தை சிக்கியிருந்தது. இந்த முறை அம்மாவின் பழைய பருத்திச் சேலைத் துண்டை முதலில் அதன்மேல் போட்டேன். கண் மறைந்ததும் படபடப்பு அடங்கியது. இறக்கைகளை உடம்போடு சேர்த்துத் துணியால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஒரு முழம் விட்டு வலையை வெட்டி, வலையோடேயே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். தொங்கவிட்டபடியே சிக்கெடுக்க முயல்வதுதான் பலரும் செய்யும் தவறு. உடம்பின் எடையே முடிச்சை இறுக்கும்.

உள்ளே நிதானமாக, அம்மா துணியைப் பிடித்துக்கொள்ள, நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். பிளேடு வேண்டாம், பறவை ஒரு துள்ளு துள்ளினால் போதும், தோல் கிழிந்துவிடும். முதலில் கால், அப்புறம் இறக்கை, கடைசியில் தலை என்று போனேன். கழுத்தை நரம்பு இறுக்கியிருந்தால் மட்டும் அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். இறகுக்கடியில் ஓர் இழைகூட மிச்சம் இருக்கக் கூடாது, அதுவே பின்னால் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். ஆந்தைக்கு நகம், கிளிக்கு அலகு. தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொக்கு, மீன்கொத்தி என்றால் முகத்தைத் தள்ளியே வையுங்கள், கண்ணைக் குறிபார்த்துக் குத்தும்.

விடுபட்டதும் உடனே பறக்கவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வலை நரம்பு அறுத்த இடம் முதலில் நன்றாகத்தான் தெரியும், ஓரிரு நாளில் வீங்கிக் கறுத்துவிடும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் வேண்டாம். நீண்ட நேரம் தொங்கியிருந்தாலோ, இறக்கை தொங்கினாலோ வனத்துறைக்குச் சொல்லிவிட்டு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குணமான கிளியைக் கூண்டில் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் இடம் கொடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

சிக்காமல் இருப்பதற்கு வலையைத்தான் மாற்ற வேண்டும். வலையின் கண், அதாவது ஓட்டை, உங்கள் சுண்டுவிரல் நுழைகிற அளவு என்றால் அது ஆபத்தான வலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையை முழுக்க இழுத்துப் பிடித்தாலும் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தளர்ந்து தொங்கும் வலை இன்னும் மோசம். தரையில் கிடக்கும் ஓரத்தில் சாரைப்பாம்பும் மாட்டிக்கொள்ளும். நாங்கள் வலையை எடுத்துவிட்டு, கைக்கெட்டும் காய்களுக்கு மட்டும் துணிப்பை கட்டுகிறோம். மேல்கிளையில் இருப்பது கிளிகளுக்கு.

அந்த ஆந்தையைப் பகல் முழுக்கப் பெட்டியில் வைத்திருந்து, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, பொழுது சாய்ந்ததும் அதே மரத்தடியில் திறந்துவிட்டேன். வேப்பமரத்துப் பொந்திலிருந்து இணை ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தது. நேராக அங்கேதான் போனது.