என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன் இரண்டு இளம் வீரர்களை எப்படி ஒப்பிடுவது?

ஒருவர் ஆட்டத்துக்கு 20 புள்ளி, இன்னொருவர் 14 என்றதும் முதலாமவரே மேல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் வயதைப் பாருங்கள். 19 வயதில் 14 எடுப்பவர், 22 வயதில் 20 எடுப்பவரைவிடப் பல நேரம் நல்ல தேர்வு; அவர் வளர இன்னும் இடமிருக்கிறது. பிறகு இருவரின் எண்களையும் 40 நிமிடத்துக்கு, முடிந்தால் 100 பொசஷனுக்கு (பந்து ஓர் அணியின் வசம் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசஷன்) மாற்றிக்கொள்ளுங்கள். வேகமாக ஆடும் அணியில் எல்லாருடைய எண்ணும் ஊதித்தான் தெரியும்.

அதிகம் பேர் சறுக்குவது த்ரீ பாயிண்டரில், அதாவது தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டில். வெறும் 100 முயற்சியில் கிடைத்த 35 சதவீதம், அதிர்ஷ்டத்தால் மட்டுமே 5 சதவீதம் கூடவோ குறையவோ செய்யும். அந்தக் கோடு கல்லூரி ஆட்டத்தில் கூடையிலிருந்து 22 அடி 1¾ அங்குலம். என்பிஏவில் உச்சியில் (கூடைக்கு நேர் எதிரே) 23 அடி 9 அங்குலம். அதனால் ஃப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்குப் பின் யாரும் தடுக்காமல் எறியும் ஷாட்) சேர்த்துப் பாருங்கள். த்ரீயில் 36, ஃப்ரீ த்ரோவில் 60 சதவீதம் என்றால் அந்தக் கையை நான் நம்பமாட்டேன். 32-ம் 85-ம் என்றால் தாராளமாக நம்புவேன்.

உயரத்தைக் காலணி இல்லாத அளவில் மட்டும் ஒப்பிடுங்கள். தடுப்பாட்டத்துக்குக் கை விரிப்பு அதைவிட முக்கியம்.

யாருக்கு எதிராக ஆடினார் என்பதும் பெரிய விஷயம். ஸ்லோவேனிய வீரர் லூகா டான்சிச் 2018-ல், 19 வயதில், அனுபவசாலிகள் நிறைந்த ஐரோப்பிய கிளப் போட்டியான யூரோலீக்கின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) ஆனார். ஆட்டத்துக்குச் சுமார் 16 புள்ளிதான். அந்த டிராஃப்டில் அவருக்கு முன்பே இரண்டு கல்லூரி வீரர்களை எடுத்துவிட்டார்கள்.