தவக்காலத்தில் நாவல் படிக்கலாமா?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் நாவல் படிப்பேன். சென்ற தவக்காலத்தில் ஒறுத்தலாக, அதாவது விரும்பியதைத் துறக்கும் தவமாக, அதை விட்டேன். அந்த ஒரு மணி நேரமும் கைப்பேசியில் போனதுதான் மிச்சம். இந்த ஆண்டும் விட வேண்டுமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம். தவக்காலம் என்பது ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்புக் காலம். அதில் கத்தோலிக்கருக்குச் சட்டமாக இருப்பது கொஞ்சம்தான். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் (சாம்பல் புதன் என்பதும் இதுதான்) பெரிய வெள்ளியும் ஒருசந்தி: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் சேர்த்தாலும் இன்னொரு முழுச் சாப்பாடு ஆகாத அளவுக்குச் சிற்றுணவு. அந்த இரண்டு நாளும் தவக்கால வெள்ளிகளும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி கிடையாது. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 நிறையும் வரை. சுத்தபோசனம் 14 நிறைந்த எல்லோருக்கும். நாற்பது நாளும் கவிச்சியே தொடாமல் இருப்பது, பூ வைக்காமல் இருப்பது, சினிமாவுக்குப் போகாமல் இருப்பது எல்லாம் அவரவர் விரும்பி ஏற்பவை. நாவலும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பழைய மரபைப் பார்த்தால் தவக்காலம் புத்தகத்தைப் பறித்த காலமே இல்லை, கையில் கொடுத்த காலம். 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர், பெனடிக்ட் என்று சொல்கிறோமே அவர், தம் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தில் இதற்கு விதியே வைத்திருக்கிறார். தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். அதை முதலிலிருந்து வரிசையாக முழுவதும் படிக்க வேண்டும். படிக்கும் நேரத்தில் யாராவது வம்பளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க மூத்தவர்கள் ஓரிருவர் சுற்றி வருவார்கள். அந்தக் காலத்திலும் கண்காணிப்பு தேவைப்பட்டிருக்கிறது! அங்கே கொடுத்தது நாவல் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே புத்தகம், முதலிலிருந்து, முழுதாக என்ற மூன்றும் நமக்கு உதவும்.

சென்ற ஆண்டு நீங்கள் ஒரு மணி நேரத்தைக் காலி செய்தீர்கள், அதில் எதையும் வைக்கவில்லை. காலி இடத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த முறை முதல் 20 நிமிடம் தவக்காலத்துக்கென எடுத்த புத்தகம், மீதி 40 நிமிடம் நாவல் என்று வையுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். நாவல் முதலில் வந்தால் அடுத்து வருவது தூக்கம்தான். கைப்பேசியைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு, அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். 'அலாரத்துக்காகத்தான்' என்று சொல்லித்தான் அது படுக்கையறைக்குள் நுழைகிறது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் முடிச்சுப் போட்டு இழுக்கும் துப்பறியும் கதைகளை மட்டும் ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவை 40 நிமிடத்தில் விடாது. சிறுகதை விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒறுத்தல் நாள் இல்லை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும்; ஆறு ஞாயிறு போக 40. ஆகவே ஞாயிறன்று முழு மணி நேரமும் நாவல் படித்தாலும் நாற்பதில் ஒன்றும் குறையாது.

கேள்வி: ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியவை கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. நாற்பது நாளில் முடிகிற மாதிரி ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? தேம்பாவணி படிக்க ஆசை.
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: முதலில் உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள். எடுக்க நினைக்கும் புத்தகத்தில் நடுவில் ஓரிடத்தைத் திறந்து 10 நிமிடம் படியுங்கள். முதல் பக்கங்களில் அளக்காதீர்கள். தொடக்கம் எப்போதும் ஓடும். 10 நிமிடத்தில் 6 பக்கம் என்றால் 20 நிமிடத்தில் 12, நாற்பது நாளில் 480. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். காய்ச்சல், விருந்தாளி, பிள்ளைகளின் தேர்வு என்று எட்டு நாளாவது போகும். 380 பக்கத்துக்கு உட்பட்ட புத்தகம் உங்களுக்குச் சரி.

மின்சார ரயிலில் படிப்பவராக இருந்தால் உட்கார இடம் கிடைக்கும் திசையை மட்டும் கணக்கில் எடுங்கள். தாம்பரத்தில் ஏறும்போது இடம் கிடைக்கலாம். மாலையில் மாம்பலத்தில் ஏறினால் நிற்கவே இடம் தேட வேண்டும்.

தேம்பாவணி, வீரமாமுனிவர் சூசையப்பரைப் பாடிய காப்பியம். அதற்கு மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். நாற்பது நாளில் முடிக்க நாளொன்றுக்கு 90 பாடல். உரையோடு முதல்முறை படிப்பவருக்கு இது நடக்காத காரியம். ஒரு நாளைக்கு 10 பாடல் எடுங்கள், 400 வரும். பலர் இடறுவது நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும்தான். யூதேயாவை நம் மருத நிலம் போல வருணித்துக்கொண்டே போகிறார் வீரமாமுனிவர். அழகுதான், ஆனால் கதை நகராது. அவற்றை ஒதுக்கிவைத்து மூன்றாவதான வளன் சனித்த படலத்தில் தொடங்குங்கள். ஆசீர்வாதப்பர் விதியை நாமே மீறுகிறோம், பரவாயில்லை. வளன் என்றால் சூசை, இயேசுவின் வளர்ப்புத் தந்தை. மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாள் பெரும்பாலும் தவக்காலத்திலேயே வரும், அந்த வாரத்துக்குப் பொருத்தமான வாசிப்பு. பாடலை முதலில் வாய்விட்டு ஒருமுறை, பிறகு பதம் பிரித்து ஒருமுறை, அதன் பிறகே உரை. உரையை முதலில் பார்த்தால் பாட்டுக்குத் திரும்ப மனம் வராது. வாரக் கடைசியில் ஓர் ஊக்கம் வேண்டுமானால் மெரினாவில் 1968இல் வைத்த முனிவர் சிலை இருக்கிறது.

கேள்வி: ஒருசந்தி நாளில் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே தலைவலி. பசியா, கண்ணாடியை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: காபியை நிறுத்தினீர்களா என்று முதலில் பாருங்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். காபியிலுள்ள காஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அது இல்லாதபோது அவை விரிகின்றன. செவ்வாய் மாலை ஐந்து மணிக்குக் கடைசி டம்ளர் என்றால் திருநீற்றுப் புதன் காலை ஐந்திலிருந்து மாலை ஐந்துக்குள் வலி வந்து நிற்கும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். பழி பாவம் புத்தகத்தின் மேல் விழுகிறது.

நாற்பது நாளும் காபியை விடுவதானால் பத்து நாள் முன்பே குறையுங்கள்: மூன்று டம்ளர் குடிப்பவர் மூன்று நாளைக்கு இரண்டு, அடுத்த மூன்று நாள் ஒன்று, பிறகு அரை. டிகாக்‌ஷனை நீர்க்க விட்டு டம்ளர் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டாலும் சரி. அந்த இரண்டு நாள் ஒருசந்தி மட்டும்தான் என்றால் காலைக் காபியைக் குடியுங்கள், அதற்குத் தடை இல்லை.

இரண்டாவது காரணம் தண்ணீர். சென்னையில் தவக்காலம் என்றால் வெயில் ஏறும் காலம். தண்ணீர் ஒருசந்தியை முறிக்காது. சிறுவேளைக்குப் பிஸ்கட்டைவிடக் கஞ்சி நல்லது. ஒரு பங்கு நொய்க்கு எட்டுப் பங்கு தண்ணீர், உப்பு, விருப்பமானால் மோர். கஞ்சி குடித்து அரை மணி கழித்துப் படிக்க உட்காருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளையைத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிகளை இந்த விதி கட்டாது. சாப்பிட்ட நாளிலும் படித்தால் வலிக்கிறது, வயதும் நாற்பதைத் தாண்டியது என்றால் கண் பரிசோதனைதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், சுவிசேஷம் சேர்ந்து வாசிப்போம். பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பொதுத் தேர்வு. தினமும் உட்கார வைக்க முடியவில்லை.
– ஒரு தாய், வேப்பேரி

பதில்: நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து 89 அதிகாரம். நாளுக்கு இரண்டுக்கு மேல் வரும், தேர்வு வீட்டுக்கு ஆகாது. மாற்கு ஒன்றை மட்டும் எடுங்கள், 16 அதிகாரம்தான், ஓட்டமும் வேகமானது. சாம்பல் புதனுக்குப் பிறகு பெரிய வெள்ளியையும் சேர்த்து ஏழு வெள்ளிக்கிழமை வரும். முதல் ஆறு வெள்ளியில் 13 அதிகாரங்கள்: ஐந்து வாரம் இரண்டிரண்டு, பரீட்சை இல்லாத ஒரு வாரம் மூன்று. பெரிய வெள்ளிக்கு 14, 15. கடைசி அதிகாரம் ஈஸ்டர் காலையில். 14ஆம் அதிகாரம் மட்டும் 72 வசனம் நீளம். மூன்று பேராகப் பிரித்து வாசியுங்கள், இல்லாவிட்டால் வாசிப்பவர் குரலும் கேட்பவர் கண்ணும் ஒருசேர மங்கும். பையனுக்கு எப்போதும் சின்னப் பங்கையே கொடுங்கள். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். பள்ளியில் கேட்பது போதும்.

கேள்வி: குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் தரும் ஓலையில் செய்த சிலுவையைப் புத்தக அடையாளமாக வைக்கலாமா?
– ஒரு வாசகி, பெசன்ட் நகர்

பதில்: காய்ந்த பிறகு வையுங்கள். பச்சை ஓலையின் ஈரம் பக்கத்தில் பழுப்புக் கறையாக இறங்கும், பூஞ்சையும் பிடிக்கும். நிழலில் காற்றோட்டமாக பத்து நாள் தொங்கவிடுங்கள், மடிப்புக்குள் ஈரம் தங்கியிருக்கும். முடிச்சுப் போட்ட சிலுவை தடிமனாக இருந்தால் புத்தகத்தின் முதுகு பிளக்கும்; ஒற்றை ஓலைக் கீற்றே அடையாளத்துக்குப் போதும். அடுத்த தவக்காலத்துக்கு முன் பங்குக் கோயிலில் பழைய ஓலைகளைக் கேட்பார்கள், சாம்பல் புதனுக்கான சாம்பலுக்காக எரிப்பதற்கு. அப்போது எந்தப் புத்தகத்தில் வைத்தோம் என்று அலமாரியைக் குடையாமல் இருக்க அட்டையின் உள்பக்கம் பென்சிலில் குறித்து வையுங்கள்.

கேள்வி: ஐந்து நாள் விட்டுப்போயிற்று. இரட்டிப்பாகப் படித்து ஈடுகட்டலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: இரண்டு நாளைக்கு மேல் விட்டிருந்தால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். 12 பக்கம் படிக்க முடியாதவருக்கு நாளை 24 கிடைத்துவிடாது, நாளை மறுநாள் அது 36 ஆகும். நிறுத்திய இடத்துக்கு இரண்டு பக்கம் முன்னால் தொடங்கி வழக்கமான 20 நிமிடம் படியுங்கள். மிச்சம் ஈஸ்டர் திங்களுக்குப் போகட்டும்.