முறுக்குச் சுட வேறு ஆள் இல்லையா, தம்பி?

கேள்வி: நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். மனைவி பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மேல்கணக்கு (மேற்பிரிவு) லயத்து வீட்டில், என் பெற்றோருடன் இருக்கிறாள். தலைப்பிரசவம், 37 வாரம் நடக்கிறது. குழந்தை தலை திரும்பாமல் பிட்டம் கீழே இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை வந்தால் வயிற்றுக்கு மேலாகவே திருப்பிப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகளின் சடங்கு. முறுக்குச் சுட மனைவிக்குத்தான் கைப்பக்குவம் என்பதால் வெள்ளிக்கிழமை போக முடியவில்லை. இனித் திருப்ப முடியாது, சிசேரியன்தான் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். வயிற்றைக் கிழித்தால் பிறகு கொழுந்துக் கூடை தூக்க முடியாது என்கிறார் அம்மா. பிரான்ஸில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், அங்கே இப்படியான குழந்தைகளும் சுகப்பிரசவமாகவே பிறக்கின்றன என்கிறார். எது நல்லது? குழந்தையின் மூளைக்கு ஏதாவது ஆகுமா?

– ஒரு வாசகர், பொகவந்தலாவை

பதில்: சிசேரியனா, சுகப்பிரசவமா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த முறுக்கைப் பேசுவோம்.

சடங்கு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் வரச்சொன்னது வெள்ளிக்கிழமை. இரண்டும் ஒரே நாளில்கூட வரவில்லை, தம்பி. விறகடுப்புக்கு முன்னால் பலகையில் குந்தி, நிறைமாத வயிறு தொடையில் இடிக்க, முறுக்கு உரலைப் பிழிந்துகொண்டு அந்தப் பெண் அன்று முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். அவள் வயிற்றில் இருப்பதைத் திருப்பிப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருந்தார்கள். இதை நீங்கள் ஒரு வரியில், ‘கைப்பக்குவம்’ என்று பாராட்டாகவே எழுதிக் கடந்துபோகிறீர்கள்.

முறை தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தாய்மாமன் இல்லாமல் சடங்கு இல்லை. நீங்கள் லீவு போட்டு வந்ததும் சீர் வைத்ததும் சரிதான். தங்கை பிள்ளைக்கு அதைக்கூடச் செய்யாதவன் என்ன அண்ணன்? ஆனால் தாய்மாமனுக்கு இருக்கும் கடமையை அவன் மனைவியின் இடுப்பில் ஏற்றுவதற்கு எந்த முறையிலும் இடமில்லை. முறுக்குக் கடையில் கிடைக்கும். ஹட்டனில் கிலோக் கணக்கில் கிடைக்கும். வெள்ளிக்கிழமை எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்த வெள்ளிக்கிழமையில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். குழந்தையை வயிற்றுக்கு வெளியிலிருந்தே கையால் உருட்டித் தலையைக் கீழே கொண்டுவருவார்கள். முதலில் ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்து, தேவையென்றால் கர்ப்பப்பை தளர ஊசி போட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலிக்கும். தலைப்பிரசவத்தில் வாய்ப்புச் சற்றுக் குறைவு. வயிறு இறுக்கமாக இருக்கும். முதல் பிள்ளைக்காரிகளுக்கு இதை 36 வாரத்திலிருந்தே முயல்வது அதனால்தான். திரும்பிவிட்டால் நீங்கள் கேட்கும் கேள்விக்கே வேலையில்லை. மற்றப் பெண்களைப்போல அவளும் பெற்றிருப்பாள்.

இனித் திருப்ப முடியாது என்று பக்கத்து வீட்டார் எதை வைத்துச் சொன்னார்கள்? 37 வாரத்திலும் அதற்குப் பிறகும் திருப்பிப் பார்க்கிறார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ, இரத்தம் பட்டாலோ, தண்ணீர்க்குடம் உடைந்திருந்தாலோ செய்யமாட்டார்கள். அதைத் தீர்மானிப்பது வைத்தியர். உங்களுக்குக் கதவு இன்னும் மூடவில்லை; அதனால்தான் இந்தப் பதிலை இதழில் வரும்வரை வைத்திராமல் நீங்கள் தந்த தொலைபேசி எண்ணுக்கு முன்பே சொல்லி அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். எண்ணெய் தடவித் திருப்பித் தருகிறேன் என்று லயத்தில் எந்தப் பாட்டியாவது வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இதயத்துடிப்பு இறங்கினால் அடுத்த நிமிடமே ஆப்பரேஷன் தியேட்டருக்குத் தூக்கிப் போகக்கூடிய இடத்தில் மட்டுமே செய்கிற வேலை அது.

திரும்பவில்லை என்றால்? அப்போதுதான் உங்கள் கேள்வி. தலைதான் குழந்தையின் உடம்பில் பெரிய, கடினமான பகுதி. அது முதலில் வந்தால் வழியைத் திறந்துகொண்டு வரும். பிட்டமோ காலோ முதலில் வந்தால் தலை கடைசியில் வர வேண்டியிருக்கிறது. அது தாமதித்தால் தொப்புள்கொடி நெருக்கப்பட்டு மூச்சு முட்டும். இதை அளந்து பார்த்த பெரிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 26 நாடுகள், 2,088 தாய்மார். திட்டமிட்ட சிசேரியனில் இறந்த அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 1.6 வீதம், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 5 வீதம். அதன் பிறகு உலகமெங்கும் வைத்தியர்கள் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

மூளையைப் பற்றிக் கேட்டீர்கள். அதே ஆய்வில் பிறந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் மறுபடி பார்த்தார்கள். இறப்பையும் வளர்ச்சிக் குறைவையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. பிறந்தபோது சோர்ந்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தேறிவிட்டார்கள். ஆகவே பிரீச் குழந்தை, அதாவது பிட்டமோ காலோ கீழே இருக்கும் குழந்தை, என்றாலே மந்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பிரான்ஸ் அண்ணன் பொய் சொல்லவில்லை. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 8,000க்கு மேற்பட்ட தாய்மாரைப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அங்கே யாரைச் சுகப்பிரசவத்துக்கு விட்டார்கள் என்பதை அண்ணன் சொல்லவில்லையே! குழந்தை எப்படி இருக்கிறது, எவ்வளவு பெரிது, தலை குனிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா, தாயின் இடுப்பெலும்பு போதுமா என்றெல்லாம் பார்த்துத் தெரிவு செய்த பெண்கள் அவர்கள். வலி தொடங்கியதிலிருந்து இதயத்துடிப்பைக் கவனிக்க இயந்திரம், பிரீச் பிரசவம் பார்த்துப் பழகிய கை, பக்கத்திலேயே தியேட்டர். இத்தனையும் உங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து, வைத்தியரே சரி என்றால் சுகப்பிரசவத்துக்கு நான் எதிரி இல்லை. பிரிட்டனின் மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 2017இல் சொன்ன கணக்கு இது: பிட்டம் முன்வரும் திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 1,000 குழந்தைகளுக்கு ஏறத்தாழ 2 இறப்பு, தலை முன்வரும் பிரசவத்தில் 1, 39 வாரத்துக்குப் பின் செய்யும் சிசேரியனில் 2,000க்கு 1. எதுவும் பூச்சியம் இல்லை.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. சிசேரியன் செய்த பெண்ணால் கூடை தூக்க முடியாது என்பது கதை. புண் ஆறும் முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது; சட்டப்படியே 12 வாரப் பிரசவ விடுமுறை இருக்கிறது. சிசேரியனில் உண்மையான கவலை வேறு: கர்ப்பப்பையில் தழும்பு இருப்பதால் அடுத்தடுத்த பிள்ளைகளின்போது நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் ஒட்டும் ஆபத்தும் தழும்பு விரியும் ஆபத்தும் உண்டு. எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்பதை நீங்களும் அவளும் பேசிவிட்டு வைத்தியரிடம் சொல்ல வேண்டியது அதற்காக. அவளும் என்று அழுத்தியே எழுதுகிறேன். அம்மா சொன்னது, அண்ணன் சொன்னது, பக்கத்து வீடு சொன்னது எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. பெறப்போகிறவள் என்ன சொன்னாள் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் உங்கள் மேல்கணக்கு ரோட்டைத்தான். பிரீச் குழந்தைக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தால், தொப்புள்கொடி முன்னால் நழுவி வரலாம். கால் கீழே இருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். வலி வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். கொடி வெளியே தெரிந்தால் தொடாமல், முழங்காலிட்டுத் தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி வைத்திருக்கச் சொல்லுங்கள். மழை நாளில் ஓட்டோ ஏறாத ரோடு என்றால், நாள் நெருங்கும்போது முன்கூட்டியே வார்டில் சேர்த்துக்கொள்வார்களா என்று இப்போதே கேளுங்கள். கொழுந்து லொறியில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிய காலம் போய்விட்டது என்று மேடையில் பேசுகிறார்கள். போகாத தோட்டங்களும் இருக்கின்றன.

எப்படிப் பிறந்தாலும் பிரீச் குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகியிருக்க வாய்ப்பு அதிகம். பிறந்தவுடன் பார்ப்பார்கள், ஆறு வாரமளவில் ஸ்கேனும் செய்ய வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பட்டி கட்டியே சரிசெய்துவிடலாம்.

இனிச் செய்ய வேண்டியது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். கிளினிக் கார்டை அவள் கையிலேயே கொடுங்கள். போன வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அவளுடைய இரத்தம் நெகட்டிவ் வகையா என்று கார்டில் பாருங்கள். அப்படியென்றால் திருப்பியபின் ஒரு ஊசி போட வேண்டியிருக்கும். திருப்பிய அன்று இரவும், பிறகு பிள்ளை பெற்று வீடு வந்த முதல் மாதமும் பக்கத்தில் நிற்க ஒரு பெண் வேண்டும். உங்கள் தங்கையைக் கூப்பிடுங்கள். அண்ணி சுட்ட முறுக்கைத் தாம்பாளத்தில் அடுக்கி ஊரைக் கூட்டியவள் அவள்; இப்போது வந்து நிற்கும் முறை அவளுடையது. வரமாட்டேன் என்றால் எனக்கு எழுதுங்கள், அவளுக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன்.