பிளானில் இல்லாத தூண்: புது வீடு வாங்கியவர்களின் கேள்விகள்

கே: படுக்கையறை மூலையில் ஒரு தூண் துருத்திக்கொண்டு நிற்கிறது. வாங்கும்போது காட்டிய பிளானில் அது இல்லை. "இன்ஜினியர் கடைசி நேரத்தில் சேர்த்துவிட்டார்" என்கிறார் பில்டர். நம்பலாமா?

நம்பாதீர்கள். தூண் அஸ்திவாரத்திலிருந்து எழும்பி வருவது. ஏழாவது மாடியில் நிற்கும் தூணுக்கு, பெரும்பாலான கட்டடங்களில், முதல் கான்கிரீட் போடும் முன்பே இடம் குறித்திருப்பார்கள். கீழ்வீட்டுக்குப் போய் அதே மூலையைப் பாருங்கள், அங்கேயும் இருக்கும். நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேதிக்கு முன்பே அஸ்திவார வேலை முடிந்திருந்தால், பில்டர் தெரிந்தே மறைத்தார் என்று பொருள். தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் அது தூண் அல்ல, குழாய் போகும் டக்ட். அது பின்னால் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

தூணை எடுக்கச் சொல்லாதீர்கள், அது நடக்காது. இழப்பீடு கேளுங்கள். ஆனால் சதுர அடிக் கணக்கை மட்டும் பேசாதீர்கள். ஓரடிக்கு இரண்டடித் தூண் என்றால் இரண்டு சதுர அடிக்கான தொகையை நீட்டிப் பேச்சை முடித்துவிடுவார்கள். உங்களுக்குப் போனது அலமாரி வைக்க இருந்த சுவர். அதை அளவோடும் படத்தோடும் எழுதிக் கொடுங்கள்.

கே: மாதிரி வீட்டைப் பார்த்து வாங்கினோம். சாவி வாங்கிப் போனால் எல்லாமே இடம் வலம் மாறியிருக்கிறது.

ஒப்பந்தத்தோடு இணைத்த பிளானைப் பிரித்துப் பார்த்தீர்களா? அதிலும் அப்படியே இருந்தால் நீங்கள் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு வீட்டுக் குளியலறைகளும் ஒரே டக்டைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகப் பக்கத்து வீடுகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிக் கட்டுவது எல்லா இடத்திலும் உண்டு. வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கும் முன் ஒரு தாளைப் பிரித்துப் பார்க்காதவருக்கு நான் என்ன வழி சொல்ல?

கே: 1,000 சதுர அடி என்று வாங்கினேன். அளந்தால் 760 தான் வருகிறது.

எந்த 1,000? இதை எத்தனை முறை எழுதினாலும் அதே கடிதம் வருகிறது. இன்னொரு முறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஒரே வீட்டுக்குப் பல பரப்பளவுகள் உண்டு. வெளிச்சுவரின் வெளிப்பக்கம் வரை அளந்தால் ஒன்று. வெளிச்சுவரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்களையும் தூண்களையும் சேர்த்து அளந்தால் இன்னொன்று. அவற்றையும் கழித்து, நடமாடும் தரையை மட்டும் அளந்தால் மூன்றாவது. குடியிருப்புகளுக்கான பன்னாட்டுச் சொத்து அளவீட்டுத் தரநிலை 2016-ல் வந்தபோது இவற்றை 3ஏ, 3பி, 3சி என்று தனித்தனியாகவே பிரித்துவைத்தது. இவை போதாதென்று விற்பவர்கள் நான்காவது ஒன்றை வைத்திருக்கிறார்கள். மாடிப்படி, லிஃப்ட், பொது நடைவழி எல்லாவற்றிலும் உங்கள் பங்கு என்று ஒரு கணக்குப் போட்டு ஏற்றிவிடுவது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் இதுதான்.

எப்படி அளந்தது என்று சொல்லாமல் பரப்பளவை அச்சிடுவதே ஏமாற்று என்பது என் உறுதியான கருத்து. டின்னின் எடையையும் சேர்த்துப் பெயின்ட் விற்றால் கடையிலேயே கேட்டுவிடுவோம். வீட்டுக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்?

ஒப்பந்தத்தில் எந்த முறை எழுதியிருக்கிறதோ அதே முறையில் அளங்கள். அப்போதும் குறைந்தால் அது உண்மையான குறைவு. ஓர் அங்குலத்துக்காகச் சண்டை வேண்டாம். பிளானில் போடும் அளவு பல நேரம் பூசாத சுவருக்கு உரியது. இரு சுவரிலும் 12 முதல் 15 மி.மீ. பூச்சு ஏறினால் அறையில் ஏறத்தாழ ஓர் அங்குலம் போய்விடும். நான்கு அங்குலம் குறைந்தால் பூச்சின் மேல் பழி போட விடாதீர்கள்.

கே: பிளானில் இல்லாத ஒரு சுவர் ஹாலில் இருந்தது. நானே ஆள் வைத்து இடித்துவிட்டேன். செலவை பில்டரிடம் கேட்கலாமா?

இடிக்கும் முன் படம் எடுத்திருந்தால் கேட்கலாம். அதற்கு முன் இன்றே ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டு, அது பாரம் தாங்கும் சுவரா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கே: அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவருக்காகவே குளியலறைக் கதவு 900 மி.மீ. அகலம் என்று ஒப்பந்தப் பிளானில் எழுத வைத்தேன். 750 தான் போட்டிருக்கிறார்கள். "எல்லா வீட்டுக்கும் ஒரே சைஸ்" என்கிறார்கள்.

நீங்கள் செய்யவேண்டிய எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறீர்கள். தவறு முழுக்க அவர்களுடையது. 750 கதவை முழுதும் திறந்தாலும் கதவின் தடிமன் போக 700-ஐ ஒட்டித்தான் வழி கிடைக்கும். வழக்கமான சக்கர நாற்காலியின் அகலமே 620 முதல் 700 மி.மீ. வரை இருக்கும். கை இடிபடாமல் போக 800-க்குக் குறையாத வழி வேண்டும்.

அது வெறும் தடுப்புச் சுவர் என்றால் அகலப்படுத்த முடியும். நிலையைப் பெயர்த்து, கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லின்டலை மாற்றி, டைல்ஸைச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு பில்டருடையது. டேப்பை வைத்துப் படம் எடுத்து, பிளான் நகலோடு எழுத்தில் அனுப்புங்கள். வேலை முடியும்வரை "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்படுத்தினால், குறையைக் கையால் எழுதி அதன் கீழே போடுங்கள். கடைசித் தவணையை மட்டும் வழக்கறிஞரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம், தாமத வட்டி கேட்பார்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

கே: குளியலறைக் கூரை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. பிளானில் உயரமே போடவில்லையே?

தரைப் பிளானில் கூரை உயரம் தெரியாது. அதற்கு, கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்ததுபோல் வரைந்த வெட்டுத்தோற்ற வரைபடம் கேட்க வேண்டும். மேல்வீட்டுக் குழாய்கள் உங்கள் கூரைக்குக் கீழே ஓடினால் அவற்றை மறைக்கப் பொய்க்கூரை போடுவார்கள். எனக்கு விற்றவரும் இதைச் சொல்லவில்லை. கீசர் மாட்ட உயரம் போதாமல் வாங்கிய கீசரை விற்றேன். குழாய் ஒழுகினால் திறந்து பார்க்க ஒரு கதவாவது வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கே: அளக்க லேசர் கருவி வாங்கலாமா?

வாங்கலாம். முதலில் இரும்பு டேப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் வாங்கியது ஒரே அறைக்கு ஒவ்வொரு முறையும் ஓர் அளவு காட்டியது, கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. அறையை இரண்டு முனையிலும் அளங்கள், மூலைக்கு மூலை குறுக்காகவும் அளங்கள். இரண்டு குறுக்களவும் வேறுபட்டால் அறை கோணல்.