ஐ.நா. பணிக்கு எதைப் படிப்பது?

கேள்வி: பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐ.நா. போன்ற சர்வதேச அமைப்புகளில் பணியாற்ற வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு முதுகலையில் சர்வதேச உறவுகள் படிப்புக்கு மாறியாக வேண்டும் என்கிறார்கள். மாறலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: மாற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஐ.நா. என்றதும் நியூயார்க் பொதுச்சபைதான் நம் கண்முன் வருகிறது. ஆனால், அங்கே உரையாற்றுபவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டு அரசுகளின் பிரதிநிதிகள். அமைப்பின் ஊழியர்களோ, தடுப்பூசி எத்தனை குழந்தைகளைச் சென்றடைந்தது என்று கணக்கிடுபவர்கள், அகதி முகாமுக்குக் குடிநீர் கொண்டுசேர்ப்பவர்கள், கணக்கு வழக்கைத் தணிக்கை செய்பவர்கள். யுனிசெஃப் பல நாடுகளில் நடத்திவரும் குடும்ப மாதிரி ஆய்வுகள் உங்கள் துறையைச் சேர்ந்தவர்கள் இல்லாமல் நடக்காது. ஐ.நா. தலைமைச் செயலகம் 32 வயது வரையுள்ள பட்டதாரிகளுக்கு நடத்தும் இளம் அலுவலர் தேர்விலும் புள்ளியியல் ஒரு பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால், ஊழியர்களில் உரிய பங்கு பெறாத நாட்டினருக்கே அத்தேர்வு என்பதாலும், அந்த நாடுகளின் பட்டியல் ஆண்டுதோறும் மாறும் என்பதாலும், அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

பிரெஞ்சு மொழியை இப்போதே தொடங்குங்கள். ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு என்றாலும், தலைமைச் செயலகத்தின் அன்றாட வேலை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் நடக்கிறது. பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பிரெஞ்சு இதற்குப் போதாது. அறிக்கை ஒன்றைப் படித்து, அதைப் பற்றிப் பேசும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும்.

அனுபவம் பெறுவதுதான் கடினமான கட்டம். தலைமைச் செயலகத்தில் மாணவர் பயிற்சிப் பணிக்கு ஊதியம் கிடையாது. சொந்தச் செலவில் ஜெனீவாவில் தங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறக்கும் இந்தக் கதவை அநீதி என்றே கருதுகிறேன். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. அவற்றை முதலில் பாருங்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில், பெயர் எப்படியிருந்தாலும், வாழ்க்கைச் செலவுக்கான தொகை உண்டு. உள்நாட்டிலேயே பணியாற்றும் இடங்களும் உண்டு.

கல்லூரிக் காலத்திலேயே கள ஆய்வு ஒன்றில் சேர்ந்து, செய்ததைக் குறித்து வையுங்கள். நேர்காணலில் உங்கள் கொள்கையைக் கேட்பதைவிட, “குழுவில் கருத்து வேறுபாடு எழுந்த ஒரு சந்தர்ப்பத்தில் என்ன செய்தீர்கள்?” என்றுதான் கேட்பார்கள். “நாங்கள் பேசித் தீர்த்துக்கொண்டோம்” என்றால் மதிப்பெண் விழாது. “இரண்டு தெருக்களின் படிவங்களில் வயது விவரம் முரண்பட்டது, தூக்கி எறியலாம் என்றார்கள், நான் மறுபடி சென்று பத்து வீடுகளில் சரிபார்த்தேன்” என்று சொன்னால், நீங்கள் யார் என்பது கேட்பவருக்குத் தெரியும்.

கேள்வி: ஐ.நா.வில் வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் என் மகனிடம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், சேலம்

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. கட்டணம் வாங்குவதில்லை, அதன் வேலைவாய்ப்பு இணையதளத்தில் உங்கள் மகனே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.